நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். சொன்னவர் வாடகைக்கு வீடு தேடி அலையாதவர் என்று நினைக்கிறேன். அலைந்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார். என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு அலைந்திருந்தால் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு இதை மட்டுமே சொல்லியிருப்பார்.

நாங்கள் மடுல்சீமையிலிருந்து பதுளைக்குக் குடிபோன வருஷத்தைச் சொல்கிறேன். பதுளைக்கு ரயில் வராத காலம் அது. என் அப்பாவுக்குப் பசறையில் மளிகைக் கடை. நான் கடைக்குப் பின்கட்டில் வளர்ந்தவள். சாமான் கட்டிவரும் காகிதங்களை வைத்தே எழுத்துக் கூட்டப் படித்தேன். வீட்டுக்காரர் மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். படித்து, கோட்டுப் போட்டு, காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் அளவுக்கு மேலே வந்தவர். ஆள் நல்லவர். வாய் மட்டும் துரைமார் முன்னால் திறக்காது. அந்தக் குறையை வீட்டில் என்னிடம் பேசித் தீர்த்துக்கொள்வார்.

எங்கள் முதல் பிள்ளை தங்கவில்லை. வலி எடுத்த அன்று தோட்டத்து மருத்துவிச்சி பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். கம்பளியை மூங்கிலில் கட்டி அதில் என்னைப் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். மழையில் பாதை கரைந்து கிடந்தது. வழுக்கும் இடங்களிலெல்லாம் என்னை இறக்கி வைத்து வைத்துப் போனார்கள். வண்டிகள் ஓடும் கரத்தை ரோட்டுக்கு வந்து, மாட்டு வண்டி பிடித்து, பசறைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண்பிள்ளை. முகம் அவரைப் போலவே இருந்தது என்று அம்மா சொன்னாள். நான் பார்க்கவில்லை. பார்க்க விடவில்லை.

ஆகவே அடுத்தது உண்டானதும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்கு என் காலால நடந்து போற தூரத்துல ஒரு வீடு பாருங்க. யாரும் என்னைத் தூக்கக் கூடாது. குடிசையா இருந்தாலும் பரவால்ல.”

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அப்பா பதுளையில் அரிசியும் கம்பளியும் விற்கும் ஒரு பெரிய கடைக்காரரிடம் சொல்லி என் வீட்டுக்காரருக்குக் கணக்கு எழுதும் வேலைக்கு ஏற்பாடு செய்தார். துரையிடம் சொல்லிவிட்டு, பெட்டி படுக்கையோடு பசறைக்கு வந்து சேர்ந்தோம். ஆவணி மாதம் ஒருநாள் விடியற்காலையில் அப்பாவின் வண்டியில் ஏறிப் பதுளைக்கு வீடு பார்க்கப் புறப்பட்டோம். வயிற்றுப்பிள்ளைக்காரி எதற்கு வண்டியில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும் என்று அம்மா சத்தம் போட்டாள். நடக்கப் போகிறவள் நான், வீட்டை அவர் எப்படிப் பார்ப்பார் என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

முதலில் ஆற்றோரம் ஒரு வீடு. அவர் ஏற்கெனவே தனியாக வந்து பார்த்து, மனசில் குடியேறியும் விட்டார். உண்மையில் அழகான வீடுதான். முற்றத்தில் தேசிக்காய் மரம், பின்னால் வயல், அதற்கப்பால் பதுளு ஓயா. ரோட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போக வேண்டும். ஈ காக்கை இல்லை.

“பாத்தியா, எவ்வளவு அமைதி,” என்றார். “ஒரு பயல் இந்தப் பக்கம் வரமாட்டான். பயமே இல்ல.”

அமைதிதான். நான் கத்தினால் தேசிக்காய் மரத்துக்கு மட்டும் கேட்கும். சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், அதற்கடியில் வீட்டைச் சுற்றி ஒரே மட்டத்தில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெண்ணிடம் போய், மழை பெய்தால் தண்ணீர் எதுவரை வரும் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். அவள் எழுந்து நின்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். பிறகு என் வயிற்றைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

எனக்குக் கார்த்திகையில் பிரசவம். மழை ஐப்பசியிலேயே பிடித்துக்கொள்ளும். இதற்கு மேல் என்ன யோசிக்க இருக்கிறது. ஆனாலும் அவர் திரும்பித் திரும்பி அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்தது ஒன்று சாராயம் விற்கும் தவறணைக்குப் பக்கத்தில். பட்டப்பகலிலேயே வாசலில் ஒருவர் ஆகாயத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். உள்ளே போகவில்லை.

மூன்றாவது வீடு ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில், கருவாடும் மிளகாயும் விற்கும் கடையின் பின்கட்டு. ஒரு அறை, சமைக்க ஒரு குசினி. மிளகாய்க் காரம் மூக்கில் ஏறும், கருவாட்டு வாசம் துணியில் ஏறும். மசக்கை முடிந்திருந்ததால் தப்பினேன். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். நான் வீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தேன். வீட்டுக்குள் நான்கு சுவர்தான் இருக்கும். ஊர் எப்படி என்பது ரோட்டில்தான் தெரியும். குடத்தோடு பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போனார்கள், வந்தார்கள். நடுவில் நின்று பேசினார்கள். ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டே பேசினாள். வெற்றிலை விற்கும் கிழவி ஒருத்தி தனியாக, அவசரமில்லாமல், யாரையோ திட்டிக்கொண்டு போனாள். பெண்கள் நின்று பேசுகிற தெருவில் பயமில்லை என்பது என் எண்ணம். இன்றைக்கும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

“வாங்க, ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்து பாப்போம்,” என்றேன்.

நடந்தோம். மேடு பள்ளம் அதிகமில்லாத ரோடு. ஒரு பக்கம் கடைகள், மறுபக்கம் நிழல் மரங்கள். எனக்கு மூச்சு வாங்கவில்லை. ஆஸ்பத்திரியின் கூரை தெரியும் இடத்துக்கு வந்திருப்போம், எதிரே குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது.

தோட்டத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். துரை குதிரையில் வந்தால் ஆட்கள் பாதையை விட்டு இறங்கி ஓரத்துக் கானில் நிற்க வேண்டும். கான் என்பது மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கால்வாய். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும், எவ்வளவு மழை கொட்டினாலும். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டும். கணக்கப்பிள்ளையானாலும் இதில் விலக்கில்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவர் செய்துவந்தது இது. குதிரைச் சத்தம் காதில் விழுந்தால் மூளைக்குச் சேதி போகும் முன்பே கால் இறங்கிவிடும். பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

தோட்டத்துக் கான் புல் முளைத்த சின்னப் பள்ளம். ஒரு காலைக் கீழே வைத்தால் போதும். டவுன் கான் அப்படியல்ல. கருங்கல் வைத்துக் கட்டியது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன். பக்கத்தில் வந்துகொண்டிருந்த மனுஷனைத் திடீரென்று காணோம். மடக்கிய குடை மட்டும் கானுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

குதிரை வந்தது. அதன் மேல் யாரும் இல்லை. குதிரைக்காரப் பையன் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெறுங்குதிரையை லாடம் அடிக்கக் கூட்டிப்போகிறான். கானுக்குள் கோட்டுப் போட்ட ஒருவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவன் பயந்துபோய், “சலாங்க,” என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். கையைக் கொடுத்து மேலே ஏற்றும்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கணுக்கால் புரண்டிருந்தது. ஆனால் அந்த முகம் கால் வலிக்கிற முகமில்லை. சிரித்திருக்க வேண்டாமே என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் பசறையில், அப்பா வீட்டுப் பின்கட்டில், அவர் காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடியும் ஆற்றோர வீட்டுப் பேச்சை எடுத்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

“தண்ணி இடுப்பு வரைக்கும் வருதாம். நானும் புள்ளையும் என்ன மீனா?”

“அங்க குதிரை வராது,” என்றார்.

“வரட்டுமே. நம்மள என்ன கடிக்கவா போகுது?”

அவர் என்னைப் பார்க்காமல், எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார்.

“என் காலை நான் நம்பல புள்ள. அந்த ரோட்டுல துரைமாரு வண்டியும் குதிரையும் போகும் வரும். நீ வலியோட வருவே, நான் உன் கையைப் புடிச்சிருப்பேன். அந்த நேரம் பாத்து ஒருத்தன் வந்தா நான் கான்ல எறங்கிருவேன். உன்னையும் சேத்து இழுத்துக்கிட்டு எறங்கிருவேன். ஒரு புள்ளைய வழியில விட்டாச்சு. இன்னொண்ண நானே தள்ளிவிடணுமா?”

அவர் பயந்தது துரைக்கு அல்ல, தன் காலுக்கு. இது தெரியாமல் நான் அவரைக் கோழை என்று மனசுக்குள் பல தடவை திட்டியிருக்கிறேன். ஆனாலும் வீட்டு விஷயத்தில் நான் அசையவில்லை.

“ஆத்துக்குப் பழக்கம் சொல்லித்தர முடியாது. காலுக்குச் சொல்லித்தரலாம்,” என்றேன்.

புரட்டாசி பிறக்கும் முன்னே நல்ல நாள் பார்த்து, கருவாட்டுக் கடையின் பின்கட்டில் பால் காய்ச்சினோம். பால் பொங்கியதைப் பார்த்த சந்தோஷத்தில் கருவாட்டு வாசம்கூட அன்றைக்கு மூக்கில் ஏறவில்லை.

கடைக்காரரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்ச் சீமையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த நாளிலிருந்து அந்த ரோட்டில் கால் வைத்ததில்லை. அவர்கள் குடும்பத்தில் பெண்கள் கோயிலுக்குப் போவதானாலும் திரை கட்டிய வண்டிதான். கடைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தே ரோட்டில் போகிற எல்லோருடைய நடையையும் அவள் அறிவாள். ஆஸ்பத்திரி என்றால் அவளுக்கு எமன் வாசல்.

“அங்க போனவங்க திரும்பி வந்து நான் பாக்கல தங்கச்சி,” என்பாள்.

“கதவு இடுக்குல பாத்தா போற பக்கம்தான்க்கா தெரியும், வர்ற பக்கம் தெரியாது,” என்பேன். அவளுக்குக் கோபம் வராது. வெற்றிலையை மாற்றி மென்றுகொள்வாள்.

தினமும் கணக்கு வேலை முடிந்து என் வீட்டுக்காரர் வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, நாங்கள் இருவரும் ரோட்டில் நடக்க ஆரம்பித்தோம். புருஷன் முன்னே, பெண்டாட்டி நாலடி பின்னே என்பதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். அப்படி நடந்தால் அவர் கானுக்குள், நான் ரோட்டில் என்று ஆகிவிடும். ஆகவே அவரை ரோட்டுப் பக்கம் விட்டு, கான் பக்கம் நான் நடந்தேன், தோளோடு தோளாக. அவர் ஒதுங்க வேண்டுமானால் என்னைத் தள்ளிக்கொண்டுதான் ஒதுங்க வேண்டும். தெருவே வேடிக்கை பார்த்தது.

“என்ன தங்கச்சி, வயித்துல இருக்கறதுக்கு முன்னால புருஷனுக்கு நடை பழக்குறியா?” என்றாள் அக்கா.

“ஆமாக்கா, பெரிய புள்ளை மொதல்ல நடக்கட்டும்.”

முதல் சில நாட்கள் பெரும்பாடு. குதிரை கட்டிய தபால் வண்டி வந்தாலும் அவர் உடம்பு என் மேல் சாயும். நான் காலை ஊன்றிக்கொண்டு நிற்பேன். மாட்டு வண்டிக்குச் சாய்வதில்லை, குதிரைக்கு மட்டும்தான். ஒரு தடவை கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவர் நடந்து வர, துரை என்று நினைத்து வீட்டுக்காரர் தலைத்துண்டை எடுத்துவிட்டார். பார்த்தால் நம்மூர்த் தமிழர், அரசாங்கக் கச்சேரியில் எழுதுகிறவர். எங்களைப் பார்த்து அவரே ஓரமாக ஒதுங்கிப் போனார். எனக்கு வயிறு பெரிதாகிவிட்டிருந்தது.

மெல்ல மெல்லக் கால் சொன்னபடி கேட்கத் தொடங்கியது. கைதான் கேட்கவில்லை. குதிரைச் சத்தம் கேட்டதும் கை தானாகக் குடையை மடக்கும். மழைக்காலம் பிறந்துவிட்டதால் இருவரும் நனைந்துகொண்டு நிற்போம்.

“குடையை மடக்கிக்குங்க, பரவால்ல,” என்றேன். “கால் மட்டும் ரோட்டுல இருக்கட்டும்.” எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியுமா.

கார்த்திகையில் ஒருநாள் முற்பகலில் எனக்கு இடுப்பு பிடித்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஆற்றில் வெள்ளம், வயலோர வீடுகளில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று காலையில்தான் பேசிக்கொண்டார்கள். அக்கா கடைப் பையனை ஓடவிட்டு அவரை வரவழைத்தாள். வந்தவர் வாசலிலேயே நின்று, “வண்டி புடிக்கட்டுமா?” என்றார்.

“வேணாம். நடப்போம். அதுக்குத்தான இங்க வந்தோம்.”

மாற்றுத்துணி மூட்டையை நான் தேடும்போது அது அக்காவின் கையில் இருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கி ரோட்டில் கால் வைத்தாள். “எங்கக்கா?” என்றேன். “எமன் வாசலைத்தான் பாப்போமே,” என்றாள். கடைக்காரர் தராசைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரரின் ஒரு கையில் குடை, மறு கையில் என் தோள். அக்கா பின்னால். வலி வரும்போது நிற்போம், போனதும் நடப்போம். ஆஸ்பத்திரிக்கு முன்னால் கடைசி வளைவில், குளம்புச் சத்தமும் சக்கரச் சத்தமும் சேர்ந்து கேட்டன. துரை ஒருவரின் இரட்டைக் குதிரை வண்டி எதிரே வேகமாக வந்தது. அந்த இடத்தில் ரோடு ஒடுக்கம். வண்டிக்காரன் தூரத்திலிருந்தே, “ஒதுங்கு, ஒதுங்கு,” என்று கத்தினான்.

அந்த நேரம் பார்த்து எனக்குப் பெரிய வலி ஒன்று வந்தது. ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். அவர் உடம்பு என் பக்கம், கான் பக்கம், சாயத் தொடங்கியது தெரிந்தது. போச்சு என்று நினைத்தேன். என் குலதெய்வத்தைக் கூப்பிடக்கூட எனக்கு மூச்சு இல்லை.

சாய்ந்தவர் நின்றார். நிமிர்ந்தார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது குடை என் தலைக்கு மேலே விரித்தபடியே இருந்தது.

“புள்ளத்தாச்சிங்க,” என்றார் வண்டியைப் பார்த்து. சத்தம் போடவில்லை, கடையில் ஆளிடம் பேசுகிற குரல்தான். “இவளால ஒதுங்க முடியாது. நீங்க அந்தப் பக்கமா போங்க.”

வண்டிக்காரன் துரையைத் திரும்பிப் பார்த்தான். துரை என்ன சொன்னாரோ, கையை அசைத்தார். குதிரைகளை இழுத்துப் பிடித்து, மறு ஓரத்து மரங்களை உரசிக்கொண்டு வண்டி போயிற்று. சக்கரம் வாரியடித்த சேறு எங்கள் மூவர் மேலும் விழுந்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நிக்காத தங்கச்சி, நட,” என்றாள்.

நடந்தேன். என் காலாலேயே ஆஸ்பத்திரி வாசலில் ஏறினேன். பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிக் கொஞ்சத்தில் பெண்பிள்ளை பிறந்தது. அங்கிருந்த மருத்துவிச்சியம்மா காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் ஒரு தட்டுத் தட்ட, அது ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. அந்த அழுகையைக் கேட்பதற்கு நான் இரண்டு வருஷமாகக் காத்திருந்தேன். மருத்துவிச்சியம்மா, “ஏன் சிரிக்கிறே?” என்று கேட்டாள்.

அவரை உள்ளே விட்டபோது பிள்ளையைத் தொடாமல் தூர நின்றே பார்த்தார். பிறகு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அக்கா காய்ச்சிக் கொடுத்த கஞ்சியோடு வந்தார். போனார். மறுபடியும் பழந்துணிகளோடு வந்தார். அதைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுபடியும் கம்பளியோடு வந்தார். ஈரக் கோட்டைக்கூட மாற்றவில்லை. அடுத்த தடவை வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கட்டிலின் ஓரமாக வந்து நின்றார்.

“இப்ப என்ன கொண்டாந்தீங்க?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றார். “கிட்டத்தான இருக்கு.”

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பிள்ளையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.